மீட்டரோடு நின்ற சலுகை: ஒரகடம் வட்டார வாடகைக் குடும்பங்களும் மின் கட்டணப் பாதுகாப்பும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, கட்டணப் பாக்கிக்காக ஒரு வீட்டின் வெப்பமூட்டும் இணைப்பைத் துண்டிக்க முடியாது. பனிக்கால மாநிலங்கள் பலவற்றிலும் இத்தகைய விதிகள் உண்டு. சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியில் பனி உயிரை வாங்காது, வெயில் வாட்டும். இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் அறைக்குத் திரும்பும் தொழிலாளி, சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் நண்பகலில் தூங்கியாக வேண்டும். மின்விசிறி நின்றால் தூக்கமும் போகும், அடுத்த ஷிப்டும் கெடும். அவருக்குத் தமிழ்நாடு என்ன பாதுகாப்பு வைத்திருக்கிறது?

துண்டிப்பைப் பொறுத்தவரை அதிகமில்லை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, பாக்கிதாரருக்கு 15 நாள் எழுத்துமூல அறிவிப்பு தரச் சொல்கிறது. பருவத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை. நம் அரசியல் வேறு வழியில் போனது: துண்டிப்பைத் தடுப்பதை விட்டுவிட்டு விலையைக் குறைத்தது.

அந்த வழி வயலில் தொடங்கியது. கோவை வட்டாரத்தில் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மின் கட்டண உயர்வை எதிர்த்துப் போராடினார்கள். 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கும், 1990இல் கருணாநிதி அரசு எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரத்தை இலவசமாக்கின. குடிசைகளுக்கான இலவச இணைப்பில் கணக்கு இன்னும் கறார்: 250 சதுர அடிக்குள் வீடு, 40 வாட்டுக்குள் ஒரே ஒரு விளக்கு. பின்னாளில் அரசே கொடுத்த தொலைக்காட்சிக்கும் மின்விசிறிக்கும் மிக்ஸிக்கும் அதில் இடம் கிடைத்தது. 2003இல் பம்புசெட் சலுகையைப் பறித்த ஜெயலலிதா அரசு, 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு அதைத் திருப்பிக் கொடுத்தது. அதன்பின் எந்தக் கட்சியும் அதில் கைவைக்கத் துணியவில்லை. 2016 மே 23 அன்று மீண்டும் முதல்வராகப் பதவியேற்ற ஜெயலலிதா, முதல் கையெழுத்துகளில் ஒன்றாக, வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட்டை இலவசமாக்கினார். 2020 ஊரடங்கில் மீட்டர் கணக்கெடுப்பு தடைபட்டுக் கட்டணம் ஏறியதாகக் குமுறல் எழுந்தபோது, எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க. ஸ்டாலின் ஜூலை 21 அன்று கறுப்புக்கொடிப் போராட்டம் அறிவித்தார்.

இத்தனை ஆண்டுகளில் சலுகையின் அளவுகோல் குடும்பமாக மாறவில்லை. அது மீட்டராகவே இருந்தது. சொந்த வீட்டுக்காரர்கள் நிறைந்த கிராமத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் என ஆலைகள் வந்தபின், வெளியூர்க்காரர்களுக்காக, ஒற்றை அறைகள் வரிசையாக அமைந்த லைன் வீடுகள் எழுந்தன. அங்கே இரண்டும் பிரிந்துவிட்டன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து அறைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். தனித்தனி இணைப்பு இருந்தால் கட்டணம் பூஜ்யம். எல்லாம் ஒரே இணைப்பில் ஓடினால் 1,000 யூனிட். 2022 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்து 2024 வரை இருந்த விகிதப்படி முதல் 100 மட்டும் இலவசம். மொத்தம் 500ஐத் தாண்டியதால் அடுத்த 300 யூனிட்டுக்குத் தலா 4.50, பிறகு 6, 8, 9, 10 ரூபாய் என ஏறி, கூட்டினால் 6,550 ரூபாய். அறைக்கு 655. சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் ஒரே விலை வசூலித்தால், அதில் அவருடைய பேராசையைத் தேடுமுன் இந்தப் படிக்கட்டைப் பார்க்க வேண்டும். பேராசையும் சேர்ந்தால் வாடகைதாரர் எங்கே போய் முறையிடுவார்? மின் வாரியத்தின் ஏட்டில் அவர் நுகர்வோரே அல்ல.

சட்டம் கதவை முழுதாக மூடவில்லை என்பதுதான் விந்தை. மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளரோ குடியிருப்பவரோ யார் விண்ணப்பித்தாலும் இணைப்பு தரச் சொல்கிறது. ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் மாறும் தொழிலாளி, வீட்டுக்காரரைப் பகைத்துக்கொண்டு அப்படி விண்ணப்பிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. 2022 இறுதியில் இணைப்பு எண்ணோடு ஆதாரைச் சேர்க்கச் சொன்னபோது வாடகைதாரர் என்று பதியவும் வழி இருந்தது. ஆனால் ஓர் இணைப்பின் பின்னால் எத்தனை அடுப்புகள் எரிகின்றன என்பதை அது எண்ணவில்லை.

2024 ஆகஸ்ட் 17 அன்று இதே வட்டாரத்து வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. விடுதியில் தங்குவோர்க்கு அது நல்ல விடை. மனைவி மக்களோடு ஒற்றை அறையில் இருப்பவருக்கு வேறு விடை வேண்டும். அதற்கான நிதிவழி ஏற்கெனவே இருக்கிறது: மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவின்படி, மாநில அரசு அறிவிக்கும் கட்டண மானியத்தை அரசே முன்கூட்டி ஈடுகட்ட வேண்டும். அந்தத் தொகை ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தோடு சட்டமன்றத்துக்கு வருகிறது. லைன் வீட்டு இணைப்பில் அறைக்கு 100 யூனிட் என்று கணக்கிடக் கோரும் உறுப்பினர், அந்த விவாதத்திலேயே எழுந்து கேட்கலாம்.