அல்லிராணிக் கோட்டையும் அச்சத்தின் இலக்கியமும்

மன்னார்க் கடற்கரையில், அரிப்பு என்னும் ஊரருகே, இடிந்த மாளிகையொன்று அலைகளை நோக்கி நிற்கின்றது. ஊரார் அதனை அல்லிராணிக் கோட்டை என்பர். பாரதக் கிளைக்கதையில் வரும் அல்லியரசி அங்கிருந்து ஆண்டாள் என்பது செவிவழிக் கதை. வரலாறு கூறுவதோ வேறு. இலங்கையின் முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யுங் காலத்தில் தங்குவதற்கென 1801 தொடக்கம் 1804 வரையிற் கட்டுவித்த விடுதி அது. கிரேக்கக் கலையிற் பெருங்காதல் கொண்ட அவர் அந்நாட்டுத் தூண்முறையைப் பின்பற்றினமையின், அது டொறிக் மாளிகை எனப் பெயர் பெற்றது.

இடிந்த சுவரைக் கண்டவிடத்துக் கதை பிறப்பது உலகியல்பு. அவ்வியல்பை இலக்கியமாக்கியதே கோதிக் புனைகதை. 1764 இல் ஹொறஸ் வால்போல் எழுதிய 'ஒட்ராண்டோ கோட்டை' அதற்குத் தோற்றுவாய். அதே ஆண்டில் இலண்டனிற் பிறந்த ஆன் இராட்கிளிப் அம்மையார் அதனை வளர்த்தெடுத்தார். இத்தாலியைக் கண்ணாற் காணாமலே அந்நாட்டுக் கோட்டைகளைத் தீட்டினார். 1794 இல் வெளிவந்த 'உடோல்போ மர்மங்கள்' என்னும் நாவலுக்கு அவர் பெற்ற தொகை 500 பவுண். 1797 இல் 'இத்தாலியர்' என்பதற்கு 800 பவுண். பின்னர் அவர் வாழ்நாளில் வேறு நாவல் வெளிவரவில்லை. பேய்க்கதை எழுதிப் புத்தி பேதலித்தார் என ஊர் பேசிற்று, அதுவும் கட்டுக்கதையே. 1823 இல் அவர் மறைந்தார்.

அம்மையாரின் கதைகளில் இருளில் எழும் ஓசைக்கும் அசையும் திரைக்கும் ஈற்றில் இயற்கையான காரணமே வெளிப்படும். அவர் மறைவுக்குப்பின் 1826 இல் வெளிவந்த கட்டுரையொன்றில் அச்சத்தையும் கொடூரத்தையும் வேறுபடுத்தினார். தெளிவாகத் தெரியாத ஒன்றைப்பற்றிய அச்சம் உள்ளத்தை விரியச் செய்யும். கண்முன் நிற்கும் கொடூரம் அதனை உறையச் செய்யும் என்பது அவர் கொள்கை.

அக்கொள்கைக்கு அரிப்புக் கடலும் உரைகல்லாகும். சுழியோடி கல்லின் பாரத்தால் ஆழத்தில் இறங்குவான். அவன் கயிறு தோணியிலுள்ளவன் கையில் இருக்கும். நீருள் யாது உண்டென அறியான். கடல்கட்டி எனப்பட்ட மந்திரவாதி சுறாவின் வாயைக் கட்டினாலன்றிச் சுழியோடிகள் கடலில் இறங்கத் துணியார். மந்திரத்தை நம்பாத ஆங்கில அரசும் அவருக்கு ஊதியம் அளித்தது. சாய்வு நாற்காலியிலிருந்து நாவல் படிப்போர்க்கு அச்சம் இன்பமாயிற்று. சுழியோடிக்கு அது அன்றாடத் தொழிலாயிற்று.

டொறிக் மாளிகையைக் குலைத்தது சாபமன்று. கைவிடப்பட்டமையும் கரையை அரிக்கும் கடலுமே. இராட்கிளிப் கதைபோல் அதன் மர்மமும் விளங்கிவிடுகின்றது. மர்மம் விலகியபின் எஞ்சுவது யாது? கதை அரசியை நினைவிற் கொண்டது. ஏடு தேசாதிபதியைக் குறித்து வைத்தது. எவர் மூச்சடக்கி முத்தெடுத்தனரோ, அவர்தம் பெயர் அச்சுவரில் இல்லை.