முட்டுக்கட்டையும் மோட்டார் வண்டியும்

ஹைப்ரிட் என்ற சொல் பாகூர்ப் பக்கத்துக்குப் புதிதல்ல. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பேர் வாங்கிய கொம்யூன் அது. ஏரித் தண்ணீரை நம்பி நாற்று விடுகிற குடியானவருக்கு அந்தச் சொல் விதைக் கடையிலேயே அறிமுகமாகிவிட்டது. இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்த்த வீரிய விதை; விளைச்சல் கூடுதல்; ஆனால் அறுத்த நெல்லிலிருந்து அடுத்த போகத்துக்கு விதை எடுத்து வைக்க முடியாது, மறுபடியும் கடைக்குத்தான் போக வேண்டும். நன்மையும் தெரியும், விலையும் தெரியும்.

இப்போது அதே சொல் மோட்டார்க் கடையிலும் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பல லட்சம் கொடுத்து உயரமான சொகுசுக் கார் வாங்கும் சக்தி படைத்தவர்கள் இன்று இருக்கிறார்கள். சிலருக்குப் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வருகிறது. அவர்களை இன்னும் சொல்தா என்றுதான் ஊரில் அழைக்கிறார்கள். சிலருக்கு வயல் மனையானதில் வந்த பணம். பணம் எந்த வழியில் வந்திருந்தாலும் கடைக்காரர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: பெட்ரோல் மட்டும் குடிக்கிற வண்டியா, பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து இழுக்கிற ஹைப்ரிட் வண்டியா? நேற்றுப் பிறந்த கேள்வி போலத் தோன்றும். உண்மையில் அதற்கு நூறு வயதுக்கு மேல் ஆகிவிட்டது. பல முறை கேட்கப்பட்டு, பல முறை விடை மாறிய கேள்வி அது.

புதுச்சேரிச் சீமையில் வாகனம் என்பது எப்போதுமே வெறும் பிரயாண சாதனமாக இருந்ததில்லை. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கம் பிள்ளையின் காலத்தில் பல்லக்கு ஏறுவது ஒரு விருது. காசு இருக்கிறது என்பதற்காக யாரும் பல்லக்கில் ஏறிவிட முடியாது. அந்த மரியாதையை மேலிடத்தார் அளிக்க வேண்டும். பின்னால் புஷ்புஷ் வண்டி வந்தது. உட்காருகிறவர் கையில் திருப்புகிற பிடி. தள்ளுகிற ஆள் பின்னால். திசை ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது! இரண்டு சக்திகள் சேர்ந்து ஒரு வண்டியை நடத்தலாம் என்பதை நம் ஊர்க்காரர்களுக்குப் புத்தகத்தில் படித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நம் கேள்விக்கு வேண்டிய பாடம் பல்லக்கிலும் இல்லை, புஷ்புஷ்ஷிலும் இல்லை. வில்லியனூர்த் தேரில் இருக்கிறது. திருக்காமீஸ்வரர் கோயில் தேருக்குப் பிரெஞ்சுக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடிப்பது வழக்கம். ஆட்சி மாறியும் வழக்கம் மாறவில்லை. இன்று துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வந்து வடம் தொடுகிறார்கள். பத்திரிகைகளில் வெளியாகிற படம் வடம் பிடிப்பவர்களுடையது. படத்தில் அநேகமாக விழாத ஓர் ஆள் உண்டு. முட்டுக்கட்டையும் கையுமாகச் சக்கரத்தின் அருகே நடந்து வருகிறவர். தேரை நிறுத்துவது அவர். வீதி முனையில் திருப்புவதும் அவர்.

ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்து இழுக்கிறார்கள். தேர் மெல்ல அசைந்து, வேகம் பிடித்து, ஓடத் தொடங்குகிறது. கட்டை விழுகிறது. தேர் நிற்கிறது. அந்த ஆயிரம் பேருடைய இழுப்பும் எங்கே போயிற்று? கட்டை நசுங்கிய சத்தமாகவும் தேய்ந்த சூடாகவும் போயிற்று. மறுபடியும் நகர்த்த வேண்டுமென்றால் மறுபடியும் ஆயிரம் பேர் முதலிலிருந்து இழுக்க வேண்டும். மோட்டார் வண்டியின் பிரேக் செய்கிற வேலையும் இதுவேதான். பெட்ரோலை எரித்துச் சேர்த்த வேகத்தை ஒவ்வொரு நிறுத்தத்திலும் சூடாக்கிக் காற்றில் விடுகிறோம். சொகுசுக் கார் ஏறக்குறைய இரண்டு டன் கனம். கனம் கூடக் கூட இந்த நஷ்டமும் கூடும்.

ஹைப்ரிட் வண்டியின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. பழைய சைக்கிளில் டைனமோவைச் சக்கரத்தோடு சேர்த்து அழுத்தினால் விளக்கு எரியும், மிதிப்பது மட்டும் கனக்கும். இரவில் ஏரிக்கரையில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அந்தக் கனம் நினைவிருக்கும். வண்டியின் ஓட்டத்தை மின்சாரமாக மாற்றுவதற்குக் கால் கொடுத்த விலை அது. ஹைப்ரிட் வண்டியை நிறுத்தும்போது மின் மோட்டாரே டைனமோவாகி விடுகிறது. அந்தக் கனம் வண்டியை மெதுவாக்குகிறது. பிறந்த மின்சாரம் பாட்டரியில் சேர்கிறது. அடுத்த முறை நகரும்போது அதுவே தள்ளுகிறது. அதாவது ஹைப்ரிட் என்பது வானத்திலிருந்து வந்த புதிய சக்தி அல்ல. முட்டுக்கட்டையில் வீணாவதில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சிக்கனம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு சரித்திரத்தைப் பார்த்தால், இந்த வண்டி எங்கே ஜெயித்தது, எங்கே தோற்றது என்பது விளங்கிவிடும்.

மோட்டார் யுகத்தின் தொடக்கத்தில் பெட்ரோல் ராஜாவாக இருக்கவில்லை. உலகத்தில் முதன்முதலாக மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய கார் மின்சாரக் கார்தான். 1899 ஏப்ரலில் பாரிஸுக்கு அருகே கமில் ஜெனாட்சி என்ற பெல்ஜியக்காரர் அதை ஓட்டினார். 1900-இல் அமெரிக்காவில் தயாரான கார்கள் 4,192. அவற்றில் நீராவியில் ஓடியவை 1,681. மின்சாரத்தில் ஓடியவை 1,575. பெட்ரோலில் ஓடியவை வெறும் 936! அதே ஆண்டு வியன்னாவில் லோனர் கம்பெனியில் வேலை பார்த்த பெர்டினாண்ட் போர்ஷே என்ற வாலிபர், பாட்டரியின் கனத்தோடு மல்லாடிப் பார்த்துவிட்டு ஒரு யுக்தி செய்தார். பெட்ரோல் எஞ்சின் டைனமோவைச் சுற்றட்டும், டைனமோ கொடுக்கிற மின்சாரம் சக்கரத்திலுள்ள மோட்டாரைச் சுற்றட்டும் என்று அமைத்தார். அந்த வண்டிக்கு 'எப்போதும் உயிருள்ளது' என்று பொருள்படும் லத்தீன் பெயரை வைத்தார்கள். பெயரில் இருந்த சிரஞ்சீவித்தனம் விற்பனையில் இருக்கவில்லை.

பெட்ரோல் காரைக் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்ப வேண்டியிருந்த வரையில் மின்சாரக் காருக்கு மவுசு இருந்தது. 1912-இல் காடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. பொத்தானை அழுத்தினால் எஞ்சின் கிளம்பிற்று. மின்சாரக் காரை வீழ்த்தியது ஒரு சின்ன மின்சார மோட்டார்தான் என்பது விந்தை அல்லவா? அதன் பிறகும் சிகாகோவில் உட்ஸ் என்ற கம்பெனி பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்த கார் ஒன்றை 1917-ஆம் ஆண்டு வாக்கில் விற்றது. விலை 2,650 டாலர். அப்போது ஃபோர்டின் டி மாடல் கார் 400 டாலருக்கும் குறைவு. சிக்கனம் செய்கிற வண்டிக்கு ஆறு மடங்குக்கு மேல் விலை! ஒன்றிரண்டு ஆண்டுகளில் உட்ஸ் கார் மறைந்தது. சிக்கனத்தின் விலை சிக்கனத்தை விடப் பெரியதாக இருந்தால் ஜனங்கள் ஊதாரித்தனத்தையே தேர்ந்தெடுப்பார்கள். இது முதல் பாடம்.

இரண்டாவது பாடம் நம் மண்ணிலேயே கிடைத்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, சென்னை மாகாணத்துச் சாலைகளில் கரி பஸ்கள் ஓடின. பஸ்ஸின் பின்னால் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பு. அதில் அடுப்புக் கரியைப் போட்டு, காற்றை அளந்து விட்டு எரித்தால் ஒரு வாயு கிளம்பும். அதை ஆற்றி, சுத்தம் செய்து, எஞ்சினுக்கு அனுப்புவார்கள். மதுரையின் டி.வி.எஸ். நிறுவனமே அத்தகைய வாயு அடுப்புகளைச் செய்து விற்றது. பஸ் கிளம்புவதற்கு நெடுநேரம் முன்பே எழுந்து, அடுப்பு மூட்டி, விசிறி சுற்றிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். புகை, கரி, சாம்பல். இத்தனை செய்தும் வண்டிக்குப் பழைய பலம் வராது. மேட்டைக் கண்டால் முனகும். யுத்தம் முடிந்து பெட்ரோல் தாராளமானதும் அந்தப் பீப்பாய்களைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். நிர்ப்பந்தத்தால் வந்த சிக்கனம் நிர்ப்பந்தம் நீங்கியதும் போய்விடும். பராமரிக்கிறவனுடைய கஷ்டத்தைக் கணக்கில் சேர்க்காத எந்த ஏற்பாடும் நிலைக்காது.

1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா கம்பெனி பிரியஸ் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது இந்த இரண்டு குறைகளும் பெரும்பாலும் தீர்ந்திருந்தன. எப்போது மோட்டார் தள்ள வேண்டும், எப்போது எஞ்சின் எழ வேண்டும், எப்போது இரண்டும் கைகோக்க வேண்டும் என்பதை ஓட்டுகிறவர் யோசிக்க வேண்டியதில்லை, கம்ப்யூட்டர் யோசிக்கிறது. போர்ஷேக்கும் உட்ஸ் கம்பெனிக்கும் கிடைக்காத துணை அதுதான். பாட்டரியைச் சுவரில் செருகிச் சார்ஜ் செய்யவும் வேண்டாம். 2005-இல் லெக்ஸஸ் கம்பெனி இதே அமைப்பை உயரமான சொகுசுக் காரில் வைத்து விற்றது. சிக்கனமும் டாம்பீகமும் ஒரே பல்லக்கில் ஏறின.

நம் நாட்டுக்கு ஹோண்டா சிவிக் ஹைப்ரிட் 2008-இல் வந்தது. விலை 21 லட்சத்துக்கு மேல். வாங்குவாரில்லை. சில மாதங்களிலேயே சுமார் 8 லட்சம் குறைத்து விற்றார்கள். உட்ஸ் காரின் கதை மறுபடியும்! 2017-இல் லெக்ஸஸ் நேரடியாக இந்தியாவுக்கு வந்தது. அதே ஆண்டு ஜி.எஸ்.டி. வந்தது. செஸ்ஸையும் சேர்த்துப் பெரிய ஹைப்ரிட் காருக்கு 43 சதவீதம், பெரிய பெட்ரோல் எஸ்.யூ.வி.க்கு 50 சதவீதம் என்று நின்றது. அந்த 7 சதவீதம்தான் ஹைப்ரிட்டுக்கு சர்க்கார் காட்டிய சலுகை. 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய், இரண்டுக்கும் 40 சதவீதம் என்றாகிவிட்டது. மின்சாரக் காருக்கு மட்டும் 5. ஆகவே ஹைப்ரிட் இப்போது தன் சொந்தப் பலத்தில்தான் நிற்க வேண்டும்.

இன்னொரு விஷயம். ஹைப்ரிட் என்று பெயர்ப் பலகை மாட்டிய வண்டியெல்லாம் ஹைப்ரிட் அல்ல. எஞ்சினுக்கு லேசாகத் தோள் கொடுக்கிற சின்ன மோட்டாரை வைத்து 'மைல்டு ஹைப்ரிட்' என்று விற்பதும் உண்டு. 2015-இல் மத்திய அரசு தொடங்கிய மானியத் திட்டத்தில் இவையும் மானியம் பெற்றன. 2017-இல்தான் அவற்றை விலக்கினார்கள். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எஞ்சின் அணைந்திருக்கும்போது மோட்டார் மட்டும் வண்டியை நகர்த்துமா? நகர்த்தாது என்றால் அந்தப் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

புதுச்சேரிக்கென்று சில கணக்குகள் உண்டு. இங்கே தமிழ்நாட்டை விடப் பெட்ரோல் மலிவு. கடலூர்க்காரர்கள் எல்லை தாண்டிக் கன்னியக்கோயில் பக்கம் வந்து டாங்கி நிரப்பிக்கொண்டு போவது வெகுநாள் வழக்கம். வாகன வரியும் இங்கே குறைவாக இருந்தது. கேரளத்துக் கார்கள் பொய் விலாசத்தில் புதுச்சேரி நம்பர் வாங்கிய விவகாரம் 2017-இல் வழக்குகள் வரை போயிற்று. பிறருக்குப் பொறாமை தரும் இந்த மலிவு ஹைப்ரிட்டுக்கு விரோதி. மிச்சப்படுத்துகிற பொருள் மலிவாக இருந்தால் மிச்சமும் மலிவுதானே?

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டரும் ஹைப்ரிட் 15-உம் தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடினால் 400 லிட்டர் மிச்சம். லிட்டர் 100 ரூபாய் என்றாலும் 40,000 ரூபாய். ஹைப்ரிட்டுக்காக 5 லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால் அதை மீட்கப் பன்னிரண்டரை ஆண்டு வேண்டும். ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு ஐந்தே ஆண்டு.

எவ்வளவு தூரம் என்பதோடு எந்தச் சாலை என்பதும் முக்கியம். வில்லியனூரிலிருந்து நாள்தோறும் மூலக்குளம், ரெட்டியார்பாளையம் வழியாக இந்திரா காந்தி சிலை வரை ஊர்ந்து போகிறவர், பாகூரிலிருந்து தவளக்குப்பம், அரியாங்குப்பம், முதலியார்பேட்டை என்று நின்று நின்று போகிறவர், இவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு முட்டுக்கட்டை. ஹைப்ரிட் அவர்களுக்காகவே செய்த வண்டி. உள்ளூரில் சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ போய்வந்துவிட்டு, மாதம் ஒரு முறை பௌர்ணமிக்குத் திருவண்ணாமலைக்கோ, பிள்ளையைப் பார்க்கப் பெங்களூருக்கோ மட்டும் காரை எடுக்கிறவருக்கு, நெடுஞ்சாலையில் பிரேக்குக்கே அதிக வேலையில்லை. மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் மிச்சம் பிடிக்கும் யந்திரத்துக்கு என்ன வேலை? அவர் பெட்ரோல் வண்டியே வாங்கலாம், குற்றமில்லை.

மூன்றாவது வகையார் ஒருவர் இருக்கிறார். வயலை விற்ற பணத்தில் வாசலில் நிறுத்துவதற்காகக் கார் வாங்குகிறவர். அவருக்கு எந்த எஞ்சினையும் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை. இரண்டு டன் ஹைப்ரிட், சின்னப் பெட்ரோல் காரை விட அதிகமாகக் குடிக்கக்கூடும். அதை வாங்கிப் பூமியைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பதும் ஒரு டாம்பீகமே. பல்லக்கு போயிற்று, புஷ்புஷ் போயிற்று. இன்று கடையில் மினுக்குகிற காரும் இருபது ஆண்டில் பழைய இரும்புக்குப் போகும். ஏரிப் பாசன நிலம் அப்படிப் போகிற பொருள் அல்ல. விற்றால்தான் போகும்.