சாயப்பட்டறையில் சொல்லித் தராத பாடம்

காஞ்சிபுரம் என்றதும் கோயிலும் பட்டும்தான் ஞாபகம் வரும். பாலாற்றங்கரையில் இருக்கும் செவிலிமேடும் அந்தப் பட்டு உலகத்தைச் சேர்ந்த ஊர்தான். சேலையின் கரையையும் முந்தானையையும் ரசிக்கிற நாம், அந்த நிறம் நூலில் ஏறும் இடத்தைப் பார்ப்பதில்லை. அங்கே வேலை செய்பவருக்கு ரசாயனப் பாதுகாப்பை யார் சொல்லித் தந்தார்கள்? அதன் வரலாற்றைப் பார்ப்போம்.

பச்சைப் பட்டு நூலை முதலில் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்துப் பசையை எடுப்பார்கள். பிறகு சிட்டம் சிட்டமாகச் சாய அண்டாவில் முக்கிப் புரட்டுவார்கள். இதற்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அப்பா செய்வதை மகன் பார்த்துக் கற்றுக்கொள்வான். சூடு, பதம், நிறம் எல்லாமே கண்ணும் கையும் கற்றுக்கொள்பவை.

1856ல் லண்டனில் பெர்கின் என்ற 18 வயது மாணவர் முதல் செயற்கைச் சாயங்களில் ஒன்றைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார். (நம் வயதுதான்!) 1897ல் ஜெர்மனியிலிருந்து செயற்கை அவுரி விற்பனைக்கு வந்தது. செடியும் பூச்சியும் தந்த சாயங்களின் இடத்தை டப்பாவில் வந்த பொடி பிடித்தது. பொடி மாறியது, கற்றுக்கொள்ளும் முறை மாறவில்லை. சிக்கல் இங்கேதான் ஆரம்பம்.

1895ல் ஃபிராங்க்ஃபர்ட் நகர அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சாய ஆலைத் தொழிலாளர் சிலருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்ததைக் கவனித்துச் சொன்னார். 1921ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் இதுபற்றி அறிக்கை வெளியிட்டது. பட்டுக்கு நெருக்கமான உதாரணம் ஜப்பானில் இருக்கிறது. கியோட்டோவில் கிமோனோ பட்டில் சாயம் தீட்டியவர்களுக்குத் தூரிகை நுனியை நாக்கால் கூராக்கும் பழக்கம் இருந்தது. அவர்களிடையே இந்தப் புற்றுநோய் காணப்படுவதை 1970களின் தொடக்கத்தில் மருத்துவர்கள் எழுதினார்கள். அதுவும் குருவிடமிருந்து சீடன் பார்த்துக் கற்ற பழக்கம்தான்! கை சுட்டால் உடனே தெரியும். இருபது வருடம் கழித்து வரும் நோயை எந்தக் கண் பார்த்துக் கற்கும்?

இந்தியாவில் சட்டம் விழித்தது போபாலுக்குப் பிறகு. 1984 டிசம்பரில் விஷவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1987ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்து என்ன என்று தெரிந்துகொள்ளவும், பயிற்சி பெறவும் தொழிலாளிக்கு உரிமை வந்தது. 1989ல் வந்த அபாயகர ரசாயன விதிகள், தகவலும் பயிற்சியும் பாதுகாப்புக் கருவிகளும் தருவதை நிர்வாகத்தின் கடமையாக்கின.

ஆனால் அந்தப் பழைய சட்டத்தில் 'தொழிற்சாலை' என்றால் மின்சாரம் இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் வேலை செய்ய வேண்டும் என்று இருந்தது. 2020ல் நிறைவேறிய புதிய சட்டத் தொகுப்பு இதை 20, 40 என்று உயர்த்தியது. நாலைந்து பேர் நிற்கும் பட்டறைக்கு அரசு தனியாக அறிவித்தால்தான் உண்டு.

சாயங்களுக்கே தடை வந்த கதையும் யோசிக்க வைக்கிறது. 1994ல் ஜெர்மனி, புற்றுநோய் உண்டாக்கும் பொருளை வெளிவிடக்கூடிய அசோ சாயங்களைத் துணிகளில் தடை செய்தது. உடுத்துபவரின் தோலைக் காக்கத்தான் அந்தச் சட்டம். இந்தியாவில் 1993லிருந்து 42 பென்சிடின் சாயங்களுக்கும், 1997ல் மேலும் 70 அசோ சாயங்களுக்கும் தடை வந்தது. துணியைத் தொடுபவருக்கே இவ்வளவு கவலை என்றால், பொடியை அள்ளிப் போடுபவருக்கு எவ்வளவு வேண்டும்?

தேவைப்படும் பயிற்சி பெரிய விஷயமில்லை. தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஹைட்ரோஸ் டப்பாவில் ஈரம் படக் கூடாது. பட்டால் சூடேறித் தீப்பிடிக்கலாம். பொடி அளக்கும்போது முகமூடி, அண்டாவருகே கையுறை. சாயக் கையோடு சாப்பிடக் கூடாது. டப்பாவின் மேல் எச்சரிக்கை தமிழில் இருக்க வேண்டும்.

அரை நாளில் சொல்லிவிடலாம். பட்டறைக்குப் போய்ச் சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவுதான். பத்துப் பேர் சேரும் வரை நஞ்சு காத்திருக்காது.