சத்திரமும் பிணியாளரும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் நோயுற்றோருக்குத் தானா ராத்தாவில் அரசாங்க மருத்துவமனை உண்டு. பெரிய சிகிச்சையென்றால் மலையிறங்கி ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ செல்லவேண்டும். தாப்பாவை அடையவே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைவுப் பாதை. பிணியாளருக்குக் கட்டில் கிடைத்துவிடும். உடன்சென்ற தாயும் மனைவியும் எங்கே தலைசாய்ப்பது?

இவ்வினா நம் முன்னோர்க்குப் புதிதன்று. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தை நிறுவினார். இராமேசுவரப் பாதையில் இத்தகைய சத்திரங்கள் பல இருந்தன. 1799 உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி ஆங்கிலேயர் வசமான பின்னும், சத்திரங்களைக் கைவிட மன்னர் மனம் ஒப்பவில்லை. 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு அவர் விடுத்த மடல், சத்திர நடைமுறையை விரிவாகக் கூறுகிறது. வழிப்போக்கர் நோயுற்றால் மருத்துவர் கவனிப்பார். மருந்தும் ஏற்ற உணவும் தந்து, குணமாகும்வரை வைத்துப் பேணுவர். கருவுற்ற பெண்களுக்குப் பேறுகால உதவி உண்டு. வந்த இடத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சத்திரத்து ஆசிரியரே பொறுப்பேற்பார். வெறும் சோற்றுச் சாலை என்று நாம் எண்ணியிருப்பது எத்துணைப் பிழை!

1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. தோட்டங்களில் நம்மவர் முதலில் எழுப்பியது ஆலயம். வெளியூர் மருத்துவத்துக்குச் சென்றோர் உறவினர் வீடுகளில் ஒண்டினர். உறவில்லாதோர்க்கு மருத்துவமனைத் தாழ்வாரமே கதி. நகரத்து ஆலயத் திருமண மண்டபங்களோ வாரநாள்களில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன. அவற்றின் ஓரத்தில் நான்கு பாய்கள், ஒரு குளியலறை, ஓர் அடுப்பு. தொடங்குவதற்கு இவை போதும்.