முரானோ கிண்ணமா? கவிழ்த்துப் பாருங்கள்

பழைய பொருள் கடைகளிலும் இணையச் சந்தையிலும் ‘முரானோ’ என்ற சீட்டு ஒட்டிய கண்ணாடிக் கிண்ணங்கள் விலைக்கு வருகின்றன. அந்தச் சீட்டை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது. கொஞ்சம் பசை இருந்தால் எந்தக் கிண்ணமும் முரானோ ஆகிவிடும். அசல் கிண்ணத்தில் இருந்த சீட்டோ, கழுவிக் கழுவி எப்போதோ உரிந்து போயிருக்கும்.

முரானோ, இத்தாலியின் வெனிஸ் நகரை ஒட்டியுள்ள தீவு. தீ விபத்துக்கு அஞ்சிய வெனிஸ் அரசு 1291இல் கண்ணாடி உலைகளை அங்கு மாற்றியது. இன்றும் அங்கே கைவினைஞர்கள் கண்ணாடி ஊதுகிறார்கள்.

வாங்குமுன் பார்க்க வேண்டியது அடிப்பாகம். கையால் செய்யும்போது கிண்ணத்தின் அடியை இரும்புக் கம்பியில் ஒட்டிப் பிடித்துத்தான் வாயை விரிப்பார்கள். கம்பியை உடைத்து எடுத்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். அல்லது அதைத் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். பக்கவாட்டில் மெல்லிய கோடு ஓடினால் அச்சில் வார்த்த கிண்ணமாக இருக்கலாம். பழைய கிண்ணத்தின் அடிக்கீறல்கள் பல திசைகளில் ஓடும். எல்லாம் ஒரே திசையில் இருந்தால் உப்புத்தாளின் வேலையோ என்று சந்தேகப்படுங்கள்.

அடுத்தது நிறம். ‘சொம்மெர்ஸோ’ வகையில் ஒரு நிறக் கண்ணாடியை இன்னொன்றில் தோய்த்தெடுப்பார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் நிறம் கண்ணாடிக்குள்ளேயே அடுக்கடுக்காக நிற்கும். நகத்தால் சுரண்டினால் உரியும் நிறம் வெறும் சாயம். ஆனால் செக் நாட்டிலும் இதே சாயலில் தடித்த வண்ணக் கிண்ணங்கள் செய்தார்கள். அவையும் கையால் செய்தவை, அழகானவை. முரானோ விலை கொடுப்பதுதான் தவறு.

கைக்குட்டையை விரித்துத் தூக்கியது போன்ற ‘ஃபாஸொலெட்டோ’ கிண்ணத்தை 1940களின் இறுதியில் வெனினி நிறுவனத்துக்காக வடிவமைத்தவர் ஃபுல்வியோ பியாங்கோனி. இங்கிலாந்து உட்படப் பல இடங்களில் அதைப் பின்பற்றிச் செய்தார்கள். ஆகவே வடிவத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய இயலாது.

பீங்கான், மண் கிண்ணங்களில் கதை வேறு. அடர்நீல மெருகும் ஈரமண்ணில் அழுத்திய கோலங்களும் இருந்தால் பித்தோஸி நிறுவனத்துக்காக ஆல்டோ லொண்டி வடிவமைத்த ‘ரிமினி புளூ’ வகையாக இருக்கலாம். அடியில் கையால் எழுதிய எண்ணும் ‘இத்தாலி’ என்ற சொல்லும் காணப்படும். அது கலைஞரின் கையொப்பம் அல்ல. ‘டெருட்டா’ என்று எழுதியிருந்தால் அது ஊரின் பெயர். நிறுவனத்தையோ வயதையோ சொல்லாது. பூ வேலைப்பாட்டைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தூரிகைத் தடம் தெரிந்தால் கைவேலை. சீரான புள்ளிகள் தெரிந்தால் அச்சுப்படம்.

பழைய மெருகில் ஈயம் கலந்திருக்கலாம். அலமாரியில் வைத்து ரசிக்கலாம். ஊறுகாயோ எலுமிச்சைச் சாறோ ஊற்றிவைக்க வேண்டாம்; புளிப்பு ஈயத்தைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும்.