தகரச் சீட்டும் கடவுச்சீட்டும்

இக்காலத்தில் அயல்நாடு செல்வோர் விமான நிலையத்தே குடிவரவு அதிகாரியின் முன் நிற்கும் நேரம் பெரும்பாலும் சில நிமிடங்களே. அச்சில நிமிடங்களையும் குறைத்தற்பொருட்டுப் பல நாடுகள் பொறிவாயில்களை அமைத்துள்ளன. முகத்தையும் விரலையும் காட்டினால் வாயில் திறக்கும். வாய் திறந்து பேச வேண்டுவதில்லை. இதனை நம் காலத்துப் புதுமையெனக் கருதுவோர், அட்டன், நுவரெலியாப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த தமிழர் கடல் கடந்த வரலாற்றை அறிவாராயின் வியப்புறுவர். ஒரு சொல்லும் பேசாது எல்லை கடக்கும் ஏற்பாடு அவர்களுக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செய்யப்பட்டிருந்தது.

அதற்கு முந்திய கோப்பிக் காலத்தில் சீட்டு என்பதே இல்லை. கங்காணியின் பின்னே கூட்டமாக வந்தோர் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டோர் பலர். அந்நோய் நாட்டினுள் பரவுமென்ற அச்சமே அரசினரை முதன்முதற் காவல் வைக்கத் தூண்டியது. எனவே, வந்தவன் எந்நாட்டான் என்று கேட்பதற்கு நெடுங்காலம் முன்னரே, அவனுக்கு நோயுண்டா என்று பார்க்கும் வழக்கம் தோன்றிவிட்டது. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும், பின்னர் மண்டபத்திலும் தடைகாப்பு முகாம்கள் எழுந்தன. மண்டபம் இந்திய மண்ணிலுள்ளது. முகாமை நடத்தியதோ இலங்கை அரசு. இன்று டப்ளின் விமான நிலையத்தில் அமெரிக்க அதிகாரிகள் அமர்ந்து, தம் நாட்டுக்குப் புறப்படுவோரை அங்கேயே சோதித்து அனுப்புகின்றனர். அம்முறைக்கு மண்டபம் ஒரு முன்னோடி எனலாம்.

தகரச் சீட்டு என்பது சிறு வட்டத் தகடு. தோட்டமிருந்த மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும், தோட்டத்தின் பதிவெண்ணும், ஆளின் வரிசையெண்ணும் அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. தோட்டத்துரையிடமிருந்து இவற்றை வாங்கிக்கொண்டு கங்காணி ஊருக்குச் செல்வான். சேர்த்த ஆட்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுப்பான். அவர்கள் அதனைக் கயிற்றிற் கோத்துக் கழுத்தில் அணிந்தனர். அதன்பின் புகையிரதக் கட்டணம், கப்பற் கட்டணம், முகாமில் உணவு யாவும் அத்தகட்டைக் கண்ட அளவிலே கிடைத்தன. செலவெல்லாம் தோட்டக் கணக்கில் எழுதப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் எங்கும் தடையின்றிச் செல்ல முடிந்தது. விரைவு ஒன்றையே அளவாகக் கொண்டால் இதனினும் சிறந்த பயணச்சீட்டைக் காண்டல் அரிது. ஆயின் அதில் இல்லாத ஒன்று உண்டு: அணிந்தவனின் பெயர்.

1914இல் பாம்பன் பாலமும், தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான கப்பற் சேவையும் தொடங்கின. தலைமன்னாரில் வண்டியேறியோர் மதவாச்சி, அநுராதபுரம், பொல்காவலை வழியாக மலைநாட்டுப் பாதையை அடைந்தனர். அப்பாதை 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியிருந்தது. வருவது எளிதாயினும் தோட்டத்தைவிட்டு நீங்குவது எளிதன்று. கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு, வேறு தோட்டம் செல்வோனை நிழலெனத் தொடர்ந்தது. 1921இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் ஆள் சேர்க்கும் செலவும் பொது நிதியினின்று கொடுக்கப்படலாயிற்று. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் ஊர் சென்று மீள்வது தோட்டத்து மக்களுக்கு வழக்கமாயிருந்தது. தொழிலாளர் புதிதாக இலங்கை செல்வதை 1939 ஓகத்து முதலாந் தேதி இந்திய அரசு தடுத்ததோடு அவ்வோட்டம் குன்றத் தொடங்கியது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வேறொரு வினாவை எழுப்பியது. இலங்கையிற் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இலங்கையிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தோர் என்றோ காட்டல் வேண்டும். லயத்து அறையிற் பிறந்தவன் தன் தந்தையின் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவான்? எண்ணாக வந்தவர்களிடம் இப்பொழுது பெயரும் தேதியும் கேட்கப்பட்டன. 1949இல் இந்திய பாக்கித்தானிய வதிவோர் சட்டம் வேறொரு வழியைத் திறந்தது. எனினும், மணமானோர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது வதிந்தமையைக் காட்டவேண்டும் என்றது. ஒருமுறை ஊர் சென்று 12 மாதங்களுக்கு மேல் தங்கியிருப்பின் அத்தொடர்ச்சி அறுந்தது. நோயுற்ற தாயைப் பார்க்கச் சென்றவனுக்கும் இதுவே விதி. ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1947இல் நுவரெலியாத் தொகுதி திரு. சௌ. தொண்டமானைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அவருக்கு வாக்களித்தோரிற் பெரும்பாலோர் அடுத்த தேர்தலில் வாக்காளரல்லர்.

1964 ஒற்றோபர் 30ஆம் நாள் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாத்திரியாரும் செய்த உடன்படிக்கை, நாடற்றோர் 9,75,000 பேரெனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இற் சரிபாதியாகப் பங்கிட்டன. எழுவர் இந்தியராகும்பொழுது நால்வர் இலங்கையராவர் என்னும் விகிதமும் வகுக்கப்பட்டது. இது குடும்பங்களின் கணக்கன்று, தலைகளின் கணக்கு. அண்ணன் ஒரு நாட்டிலும் தம்பி மறுநாட்டிலும் விழுந்த வீடுகள் பல.

இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றோர், முன்னோர் வந்த வழியே திரும்பினர். 1964 திசம்பர்ப் புயலில் தனுக்கோடி அழிந்தமையால் கப்பல் இராமேசுவரத்தை அடைந்தது. மண்டபம் முகாம் மீண்டும் நிரம்பியது. இம்முறை தாயகம் திரும்பியோருக்காக. மலைநாட்டு நிலையங்களிற் புறப்பட்ட அவ்வண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். மேடையில் நின்றோர் மார்பிலடித்து அழ, வண்டியிலிருந்தோர் சன்னலூடே கையைப் பற்றி அழ, வண்டி நகரும். அம்மக்களுட் பலர் கையில் பெயரும் படமும் முத்திரையும் கொண்ட முழுமையான பத்திரம் இருந்தது அதுவே முதன்முறை.

1984இல் நாட்டின் கலவரச் சூழலிற் கப்பற் சேவை நின்றது. கடவுச்சீட்டுப் பெற்றும் புறப்படாதோர் தோட்டங்களிலேயே தங்கினர். சீட்டுகள் பெட்டிகளிற் கிடந்து காலாவதியாயின. 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஏனைய நாடற்றோர்க்கு வழி செய்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒற்றோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வதிந்த இந்திய வமிசாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கியது. இந்தியக் கடவுச்சீட்டை வைத்திருந்தும் செல்லாதோர், தாம் இலங்கைப் பிரசையாக விரும்புவதாக ஒரு கூற்றினை எழுதிக் கையொப்பமிட்டு அவ்வுரிமையைப் பெற வழியுண்டாயிற்று.