பேராக் தோட்டப்புறமும் மோட்டார் சைக்கிளும்: பெட்ரோலிலிருந்து மின்சாரத்திற்கு

மலேசியத் தமிழரின் சமூக வரலாற்றை எழுதியோர் கங்காணி முறைக்கும் தொழிற்சங்கத்திற்கும் தமிழ்ப்பள்ளிக்கும் தந்த இடத்தை மோட்டார் சைக்கிளுக்குத் தந்தாரல்லர். ஈப்போவிலும் அதனைச் சூழ்ந்த பழைய ரப்பர்த் தோட்டப் பகுதிகளிலும் மோட்டார் சைக்கிள் ஆர்வலர்களிடையே மின்வண்டியும் ஹைபிரிட் வண்டியும் பேசுபொருளாகிவரும் இந்நாளில், அவ்வூர்தி நம்மவர் வாழ்வில் பெற்ற இடத்தை ஆராய்வது பொருத்தமாகும்.

ஹோண்டா நிறுவனம் 'சூப்பர் கப்' வண்டியை ஜப்பானில் வெளியிட்டது 1958ஆம் ஆண்டில். அதே ஆண்டில் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை இந்நாட்டிற்குக் கொணர்ந்தார். 'கப்சாய்' என்னும் வழக்குச்சொல், அவ்வண்டியின் பெயரோடு 'சிறியது' எனப் பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து பிறந்ததாகக் கருதப்படுகிறது. லயத்து வீடு தோட்டத்தினுடையது; லாரியும் தோட்டத்தினுடையது. மோட்டார் சைக்கிளோ தொழிலாளிக்கே உரியது. பெட்ரோலைப் புட்டியில் வாங்கி ஊற்றிக்கொண்டு, எவரிடமும் இசைவு கேளாமல் பட்டணம் சென்று திரும்பலாம். சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் தோட்டத் துண்டாடல் தீவிரமடைந்தது. அதனை எதிர்கொள்ளவே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நின்றது. லயத்தைவிட்டு வெளியேறியோர்க்குச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஈப்போவில் வேலை தேடிக்கொள்ள இவ்வண்டியே துணையாயிற்று.

இனி, மின்சாரத்தின் வரலாற்றைப் பார்ப்போம். பேராக்கிற்கு அது புதிதன்று. 1930இலேயே செண்டரோ அணைக்கட்டில் நீர்மின் உற்பத்தி தொடங்கிவிட்டது. பேராக் ஆற்று நீர்மின் நிறுவனம் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் வழங்கியது. மண்ணைத் தோண்டிய எந்திரங்களுக்குக் கிடைத்த மின்சாரம் பால்மரம் சீவியோரின் லயங்களுக்கு உடனே கிடைத்ததில்லை. அங்கே நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. பிற்காலத்தில் பல தோட்டங்களில் நிருவாகத்தின் ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் மட்டும் ஓடியது. தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய மின்வசதி செய்து தருவதை முதலாளியின் கடமையாக்கிய சட்டம் 1990இல்தான் வந்தது.

மின்வண்டியை இப்பின்னணியில் வைத்தே நாம் மதிப்பிட வேண்டும். 2023 இறுதியில் அரசாங்கம் அறிமுகப்படுத்திய மாரிகாஸ் திட்டம், ஆண்டு வருமானம் 120,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதோர் மின்மோட்டார் சைக்கிள் வாங்க 2,400 ரிங்கிட் கழிவு அளித்தது. வரவேற்கத்தக்க உதவியே. ஆயினும் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவிற்கு நாள்தோறும் சென்று திரும்புவோர் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் ஓடியாக வேண்டும். பெரும்பாலும் இரவுதோறும் மின்னேற்றமும் செய்தாக வேண்டும். தரைவீட்டுக்காரருக்கு இது எளிது. அடுக்குமாடியின் நான்காம் மாடியில் வாழ்பவர், மின்கலத்தைக் கழற்றக்கூடிய வண்டியாயின் அதனை மாடிக்குச் சுமக்க வேண்டும். இன்றேல் மின்கலம் மாற்றும் நிலையத்தைத் தேடிச் செல்ல வேண்டும். எஞ்சியுள்ள லயங்களில் வாழ்வோரோ மின்னிணைப்பிற்கு மீண்டும் நிருவாகத்தையே சார்ந்திருக்க நேரும். பெட்ரோல் வண்டி அறுத்த சார்பு அது.

ஹைபிரிட் வண்டிக்கு இவ்விடர்ப்பாடு இல்லை. அது பெட்ரோலையே முதன்மையாகக் கொண்டு இயங்குவது. ஹோண்டா 2018இல் ஜப்பானில் பீசீஎக்ஸ் ஹைபிரிட்டையும், கவாசாக்கி 2023இல் நிஞ்சா 7 ஹைபிரிட்டையும் வெளியிட்டன. பின்னது ஆர்வலர்க்கு விருந்து. கப்சாய் ஓட்டுவோரின் கைக்கு எட்டாதது. மின்வண்டிக்கு ஓசையில்லை என்பது சில இளைஞர்க்குக் குறையாகத் தோன்றலாம். அண்டை வீட்டார் அவ்வாறு கருதார்.

தோட்டப்புறத்தாரின் வாய்மொழி வரலாறுகளைத் தொகுக்கும் ஆசிரியரும் மாணவரும், வீட்டிற்கு முதல் மோட்டார் சைக்கிள் எந்த ஆண்டில் வந்தது, முதல் மின்விளக்கு எந்த ஆண்டில் எரிந்தது என்னும் இரு வினாக்களையும் சேர்த்தே கேட்டுப் பதிவுசெய்வார்களாயின், இவ்வாய்வைத் தோட்டந்தோறும் விரிவாக மேற்கொள்ள இயலும்.